மலாவியில் கிராம வளர்ச்சி வேலைக்குச் சேருகிறவர்களுக்கு

மலாவிக்கு வேலைக்குப் போகிறேன், ஏதாவது சொல்லுங்கள் என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, எந்த மாதம் சேரப் போகிறீர்கள் என்பதுதான். சம்பளம், வீடு எல்லாம் அப்புறம். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற அந்த நாட்டில் மழை ஒரே பருவம்தான். நவம்பரில் பிடித்தால் ஏப்ரல் வாக்கில் விட்டுவிடும். நாட்டில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமத்தில் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு நிலம் ஒரு ஹெக்டேர்கூடத் தேறாது, பாசனம் சொற்பம், உழவெல்லாம் கைக்கொத்தினால்தான். அந்த ஒரு மழையில் விளையும் மக்காச்சோளத்தை வைத்துத்தான் வருஷம் முழுக்கச் சாப்பாடு ஓட வேண்டும். உங்கள் திட்டம் குடிநீரோ, சேமிப்போ, ஆட்டு வளர்ப்போ, எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்குக்குள்தான் நடக்கும்.

நான் தர்மபுரிப் பக்கம் மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு வேலை பார்த்துவிட்டு டெட்சா மாவட்டத்துக்குப் போனவள். தலைநகர் லிலோங்வேயிலிருந்து தெற்கே எம்-1 சாலையில் சுமார் 85 கிலோமீட்டரில் டெட்சா நகரம். ஆகவே நான் சொல்வதெல்லாம் மத்திய மலாவியைப் பார்த்துச் சொல்வது. வடக்கே வழக்கம் வேறு, தெற்கே கொஞ்சம் வேறு.

சேரும் மாதத்தைப் பேசி முடிவு செய்ய வழி இருந்தால் மே மாதம் கேளுங்கள். அறுவடை நடந்துகொண்டிருக்கும், வீட்டில் தானியம் இருக்கும், சாலை காய்ந்திருக்கும், ஜூன், ஜூலையில் உட்கார்ந்து பேச ஆட்களுக்கு நேரம் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் விதைப்புக்காக மண்ணை மேடாக அணைத்துப் பார் கட்டுவார்கள். நவம்பரில் முதல் மழை விழுந்தால் விதைப்பு; டிசம்பர், ஜனவரியில் களையெடுப்பு. அப்போது கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள், வரச்சொல்வதும் நியாயமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பசிக்காலம். போன வருஷத்து மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதுக்கதிர் முற்றியிருக்காது. சொந்த வயலை விட்டுவிட்டு அடுத்தவர் வயலில் ‘கான்யு’ என்கிற கூலி வேலைக்குப் போவார்கள். தன் வயலில் களை நிற்கும், அதனால் அடுத்த விளைச்சலும் குறையும். இந்தச் சுழலை நேரில் பார்க்காமல் மலாவியில் எந்தத் திட்டமும் எழுதக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அந்த மாதங்களில் சர்வே மட்டும் எடுக்காதீர்கள். வயிறு காய்ந்திருக்கும் வீட்டில் போய், உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டால், வேறு என்ன பதில் வரும்?

கிளம்பும் முன்

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சம்பளமும் படிகளும் எந்தப் பணத்தில் என்று கேளுங்கள். உள்ளூர்ப் பணம் க்வாச்சா. 2022 மே மாதம் அதன் மதிப்பை 25 சதவீதம் குறைத்தார்கள். 2023 நவம்பரில் மறுபடியும் குறைத்து, ஒரு டாலருக்கு சுமார் 1,180 என்றிருந்தது ஒரே நாளில் 1,700 ஆனது. முழுச் சம்பளமும் க்வாச்சாவில் என்றால், விலைவாசிக்குத் தக்கபடி எப்போது மாற்றித் தருவீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை, உள்ளூர் ஊழியர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடக்கமா என்று பாருங்கள். சிக்கலான சிகிச்சைக்கு வசதி உள்ளவர்கள் தென்னாப்பிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோதான் போகிறார்கள். தற்காலிக வேலை அனுமதிக்கு நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் யார் தலையில் என்பதையும், அனுமதி வரும் முன்பே வரச்சொல்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் சான்று, பட்டச் சான்றிதழின் அத்தாட்சி பெற்ற நகல்கள் இரண்டையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகப் போவதுண்டு. அப்படியானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும்.

பெட்டியில் ஸ்வெட்டர் கட்டாயம். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து மெல்லிய பருத்தியாக அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். டெட்சா 1,500 மீட்டருக்கு மேல் உயரம், ஜூன், ஜூலை ராத்திரிகளில் ஊட்டிக்குப் போட்டுப்போகும் உடுப்புதான் தேவைப்படும். மின்சாரம் பெரும்பாலும் ஷிரே ஆற்று நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது, அடிக்கடி போகும். நல்ல சோலார் விளக்கும் பவர் பேங்கும் எடுத்துப்போங்கள். பிளக் பிரிட்டன் மாதிரி மூன்று சதுரக்கால். குக்கர் எடுத்துப்போங்கள். பருப்பு, மிளகாய்த்தூள், புளி எல்லாம் லிலோங்வே ஓல்டு டவுனில் இந்தியக் கடைகளில் கிடைக்கும், அதற்காகப் பெட்டி எடையை வீணாக்க வேண்டாம்.

அலுவலகத்தில்

முதல் வாரம் எல்லோரும் திட்ட அறிக்கையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். படியுங்கள். ஆனால் நான் சொல்வது பட்ஜெட்டையும் சேர்த்து வாங்கிப் படிக்க. பணம் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வேலைதான் நடக்கும். நிதி தருபவரோடு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அதில் இன்னும் எத்தனை மழைக்காலம் பாக்கி என்று எண்ணுங்கள். மூன்று வருஷத் திட்டம் என்று பெயர் இருக்கும், ஆள் எடுத்து வண்டி வாங்கிக் கிளம்புவதற்குள் ஒரு விதைப்பு போயிருக்கும்.

அப்புறம் கணக்காளரோடும் ஓட்டுநரோடும் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஊருக்குப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, எந்த ஊரில் முந்தைய நிறுவனம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பாதியில் போனது என்பதெல்லாம் ஓட்டுநருக்குத் தெரியும். கள அலுவலர்கள் கூடச் சொல்லத் தயங்குவதை அவர் வழியில் சொல்வார்.

யாரை முதலில் பார்ப்பது

இதில் வரிசை தப்பக்கூடாது. மாவட்டத்தில் முதலில் மாவட்ட ஆணையர் அலுவலகம். புதுத் திட்டம் என்றால் மாவட்ட நிர்வாகக் குழுவின் முன் வைத்து விளக்க வேண்டும், அதில் விவசாயம், சுகாதாரம், கல்வி எல்லாத் துறை அதிகாரிகளும் இருப்பார்கள். பிறகு டி.ஏ. என்று எல்லோரும் சொல்கிற பாரம்பரியத் தலைவர். அவருக்குக் கீழே குழுக் கிராமத் தலைவர், அவருக்கும் கீழே கிராமத் தலைவர். தலைவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பெண் தலைவர்கள் நிறைய உண்டு. அரசுப் பக்கத்தில் பகுதி வளர்ச்சிக் குழு, கிராம வளர்ச்சிக் குழு என்று தனி அமைப்பும் இருக்கிறது. இரண்டையும் மதிக்க வேண்டும். டி.ஏ.வைப் பார்க்காமல் நேரே ஊருக்குள் போய்க் கூட்டம் போட்டால், கூட்டம் நடக்கும், எல்லோரும் சிரித்த முகமாகத் தலையாட்டுவார்கள், அதற்குமேல் ஒன்றும் நகராது.

விவசாயம் சார்ந்த திட்டமானால் அந்தப் பகுதியின் அரசு விரிவாக்க அலுவலரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஏ.இ.டி.ஓ. என்பார்கள். ஒருவருக்கே ஏராளமான வீடுகள், பைக் இருந்தால் பெட்ரோல் இருக்காது. ஆனால் உங்கள் திட்டம் முடிந்து நீங்கள் போன பின்னும் அங்கே இருக்கப்போவது அவர்தான். பயிற்சியை நீங்கள் நடத்தாமல் அவரை நடத்தச் சொல்லுங்கள்.

வாசலில் நின்று ‘ஓடி’ என்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். வணக்கம் சொல்வதை அவசரப்படுத்தக்கூடாது. ‘முலி ப்வாஞ்சி’ என்றால் எப்படி இருக்கிறீர்கள். ‘ந்திலி ப்வினோ, காயா இனு’ என்றால் நன்றாக இருக்கிறேன், நீங்கள்? இதை ஒவ்வொருவரிடமும் சொல்லி முடித்துத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். பெரியவர்களுக்குக் கை கொடுக்கும்போது இடது கையால் வலது முழங்கைப் பக்கம் தொட்டுக்கொள்வது மரியாதை. பெண்கள் முழங்காலை மடித்து வணங்குவார்கள். பெண்ணாக இருந்தால் ‘சிதெஞ்சே’ துணி ஒன்று வாங்கி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். பாயில் உட்கார, மழைக்குப் போர்த்த, எல்லாவற்றுக்கும் உதவும். சுடிதாருக்கு மேல் கட்டினாலும் அழகாகத்தான் இருக்கிறது.

ஊரில் சாவு என்றால் அன்றைக்கு வேலை கிடையாது. உங்கள் கூட்டம் எவ்வளவு முக்கியமானாலும் சரி, நிறுத்திவிட்டுத் துக்க வீட்டுக்குப் போங்கள். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் தரையில் இருப்பார்கள். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்து, கொஞ்சம் பணமோ மாவோ கொடுத்துவிட்டு வரலாம். டெட்சாவில் சேவா மக்களின் குலே வாம்குலு முகமூடி ஆட்டக்காரர்களைச் சாலையில் சந்திக்க நேரும். வண்டியை ஓரம் கட்டி நிறுத்துங்கள். படம் எடுக்காதீர்கள். இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முவா மிஷனில் உள்ள சமாரே அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். மாவட்டத்தில் இவ்வளவு நல்ல இடம் இருக்கும்போது புதிதாக வருகிறவர்கள் மலாவி ஏரிக்கரைக்கு மட்டும் ஓடுவது எனக்கு வருத்தம்.

உங்களைப் பார்த்ததும் கடைக்காரர் என்றுதான் நினைப்பார்கள். ‘ம்வேன்யே’ என்றால் இந்தியர். மலாவியில் இந்திய வம்சாவளியினர் பெரும்பாலும் வணிகம் செய்கிறவர்கள். 1970களில் முதல் ஜனாதிபதி கமுசு பாண்டாவின் ஆட்சி அவர்களைக் கிராமக் கடைகளிலிருந்து நகரங்களுக்கு நகர வைத்தது. அதனால் கிராமத்தில் இந்தியர் ஒருவர் பாயில் உட்கார்ந்து பேசுவது பலருக்குப் புதுக்காட்சி. இன்னொன்றும் உண்டு. தெற்கு மாவட்டங்களில் துவரை விளைகிறது, ‘நந்தோலோ’ என்கிறார்கள். அதற்குப் பெரிய சந்தை நாம்தான். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்தபோது அங்கே விலை சரிந்தது. உங்கள் ஊரில் ஏன் வாங்குவதை நிறுத்தினீர்கள் என்று ஒரு விவசாயி உங்களிடம் கேட்டால், பதிலுக்கு மழுப்பாதீர்கள். நம் சாம்பாரும் அவர் வீட்டுப் பள்ளிக் கட்டணமும் உண்மையிலேயே சம்பந்தப்பட்டவை.

சேமிப்புக் குழுக்கள்

நம் ஊர்ச் சுயஉதவிக் குழு தெரிந்தவர்களுக்கு இங்கே சீக்கிரம் மனசு ஒட்டும், அதே காரணத்தால் கவனமும் வேண்டும். தர்மபுரியில் ஐஃபாட் என்கிற ஐ.நா. விவசாய வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியது 1989. நைஜர் நாட்டில் கேர் என்கிற தொண்டு நிறுவனம் கிராமச் சேமிப்புக் குழு முறையைத் தொடங்கியது 1991. மலாவியில் இருப்பது இந்த இரண்டாவது வகை. ஊரில் ‘பாங்கி ம்கோன்டே’ என்பார்கள்.

ஒரு கூட்டம் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பாருங்கள். மாமரத்தடியில் பாய், நடுவில் இரும்புப் பெட்டி. பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவி மூன்று பெண்களிடம், பெட்டி நான்காவது ஆள் வீட்டில். மூவரும் வந்தால்தான் திறக்கும். உறுப்பினரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எண் சொல்லித்தான். ஒவ்வொருவரும் எழுந்து வந்து ஒன்றிலிருந்து ஐந்து பங்கு வரை வாங்கலாம். வாங்கிய பங்குக்கு ஒன்றாகப் பாஸ்புத்தகத்தில் ரப்பர் முத்திரை விழும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் முத்திரையை விரல் வைத்து எண்ணிவிடுவார். இரண்டு பேர் பணத்தை உரக்க எண்ணுவார்கள். தாமதமாக வந்தவரின் அபராதம் தனிக் கிண்ணத்தில். முடிவில் பெட்டியில் எவ்வளவு, ஆபத்துக்கால நிதியில் எவ்வளவு என்று அறிவிப்பார்கள், எல்லோரும் அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டும். அடுத்த கூட்டத்தில் பெட்டியைத் திறக்கும் முன் யாரையாவது கேட்பார்கள். கேட்ட நொடியில் பதில் வரும். முத்திரை விழும் ‘டப்’ சத்தமும் அந்த எண்ணும், நான் பார்த்த எந்தத் தணிக்கையையும் விட நம்பகமானவை.

பன்னிரண்டு மாதம் போல ஓடியதும் சேர்ந்த பணம் முழுவதையும் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டு பெட்டியைக் காலியாக்கிவிடுவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் உறுத்தும். ஏன் கலைக்கிறீர்கள், வங்கியில் போட்டுக் கடன் வாங்கலாமே என்று நாக்கு நுனிவரை வரும். அடக்கிக்கொண்டு எந்த மாதம் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் விதைப்புக்கு முன், உரம் வாங்கும் நேரம். வங்கிக் கிளை தொலைவில், க்வாச்சா மதிப்போ குறைந்துகொண்டே போகிறது. பணமாக வைத்திருப்பதை விட உரமாக, ஆடாக, தகரக்கூரையாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று அவர்கள் கணக்குப் போட்டே செய்கிறார்கள்.

பெட்டிப் பணத்திலிருந்து உறுப்பினர்கள் கடனும் எடுப்பார்கள், அதற்கு வட்டி மாதத்துக்குப் பத்து சதவீதம் என்றுகூட வைப்பார்கள். கேட்டதும் கந்துவட்டி ஞாபகம் வரும். அந்த வட்டி வெளியே போகாமல் பங்குதாரர்களுக்கே திரும்பி வருகிறது என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு ஒரு கவலை தீரவில்லை. ஒரு பங்கு மட்டும் வாங்கி, பசிக்காலத்தில் திரும்பத் திரும்பக் கடன் எடுக்கிற பெண்ணின் வட்டி, ஐந்து பங்கு வாங்குகிறவரின் லாபமாகப் போகிறது. பாஸ்புத்தகங்களைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முத்திரை குறைவாக, கடன் வரி அதிகமாக உள்ள பக்கங்களைத் தேடுங்கள். உங்கள் திட்டம் யாருக்கு என்று அந்தப் பக்கங்கள் சொல்லும்.

நிலமும் அலவன்ஸும்

மத்திய, தெற்குப் பகுதிகளில் சேவா, யாவோ, லோம்வே மக்களிடையே தாய்வழி மரபு. நிலம் தாயிடமிருந்து மகளுக்கு. கணவன் மனைவி ஊருக்கு வந்து குடியிருப்பான். மணமுறிவு என்றால் அவன் வெறுங்கையோடு தன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மரம் நடுங்கள், மண்ணைத் திருத்துங்கள் என்று ஆண்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்துவிட்டு ஏன் யாரும் செய்யவில்லை என்று வருந்துகிற திட்டங்கள் இதைக் கேட்பதில்லை. இது யார் நிலம், நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று இரண்டு கேள்வி போதும். நிலம் பெண் பெயரில் என்பதால் முடிவும் அவளுடையது என்று எண்ணிவிடாதீர்கள், பெரும்பாலும் அவளுடைய தாய்மாமன் சொல் நிற்கும். தாய்மாமன் மரியாதை நமக்குப் புரியாததா என்ன.

பயிற்சிக்கு வந்தால் அலவன்ஸ் என்பது மலாவியில் ஊறிப்போன வழக்கம். வெளிநிறுவனங்கள்தான் பழக்கிவிட்டன, அதனால் மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மாவட்டத்தில் மற்ற நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன என்று விசாரித்து அதே அளவில் நில்லுங்கள். கூட்டிக் கொடுத்தால் பக்கத்து நிறுவனத்தின் கூட்டம் காலியாகும். ஊருக்குள்ளேயே மதியத்துக்குமேல் இரண்டு மணி நேரத்தில் முடிகிற பயிற்சி என்றால் அலவன்ஸ் கேள்வியே பெரும்பாலும் எழாது. காலையில் அவர்கள் வயலில் இருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மொழிபெயர்த்துச் சொல்கிறவர் யார் என்பதும் முக்கியம். ஒரு பாட்டி நீளமாகப் பேச, அவர் சந்தோஷம் என்கிறார் என்று ஒரே வரியில் முடித்தால், முழுவதும் சொல்லுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். பெண்கள் கூட்டத்துக்குப் பெண் ஒருவரே மொழிபெயர்க்கட்டும்.

சாப்பாடு, பயணம், காய்ச்சல்

மக்காச்சோள மாவில் கிண்டும் ந்சீமாதான் சாப்பாடு. நம் களி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. சைவமானால் பூசணி இலை, வேர்க்கடலைப் பொடி சேர்த்த கீரை, பீன்ஸ் கிடைக்கும். பசிக்காலத்தில் ஒரு வீட்டில் சாப்பிடச் சொன்னால் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்காதீர்கள்.

இருட்டிய பின் சாலையில் போகாதீர்கள். விளக்கில்லாத லாரி, சைக்கிள், ஆடு எல்லாம் அதே தார்ச்சாலையில்தான். ஏரியில் குளித்தால் நத்தை வழியாக வரும் பில்ஹார்சியா என்கிற ஒட்டுண்ணி நோய் தொற்றலாம். மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மலேரியாவைத்தான் நான் கெஞ்சிச் சொல்வேன். அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபேரம் வகை, ஒன்றிரண்டு நாளில் ஆபத்தாக மாறக்கூடியது. கிளம்பும் முன் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், மருந்து தோய்த்த கொசுவலையில் தூங்குங்கள், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே விரல்குத்திப் பரிசோதனை செய்யுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிறகும் வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வரலாம். நம் ஊர் மருத்துவர் வைரல் என்றோ டெங்கு என்றோ நினைக்க இடமுண்டு. ஆகவே காய்ச்சல் என்று சொல்லும் அதே மூச்சில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா பாருங்கள் என்று சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், காய்ச்சலில் நீங்கள் பேசும் நிலையில் இல்லாமல் போகலாம்.